பதிலோடு திரும்பி வருகிறவள்

அவள் ஒரு கேள்வியை வாங்கிக்கொண்டு போனால் பதிலோடு திரும்பி வருவாள். அந்தப் பதில் நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் இல்லை, முடியாது, இந்த வருஷம் நடக்காது என்கிற பதில்தான். ஆனாலும் வருவாள். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, கேள்வி கேட்டவர் வரும்வரை காத்திருந்து, சொல்லிவிட்டுத்தான் போவாள். கரமனையில் எங்கள் தெருக்களில் அப்படி ஓர் ஆளை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. இப்போது நினைத்தால், அந்த ஒரு மழைக்காலமும் அதன் பின்னால் வந்த பனிக்காலமும் ஆற்றின்மேல் மிதந்து வந்து வெயில் ஏறியதும் கலைந்துபோனவை போலத் தோன்றுகின்றன.

தெரு தொடங்கும் இடத்தில் நான் ஒரு போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தது. அக்ரஹாரத்துக்கு வெளியே, ஆனால் அக்ரஹாரத்தை ஒட்டியே மூன்று தலைமுறையாக இருக்கிறோம். இந்தப் பக்கத்தில் தமிழில் டைப் செய்து தருகிற கடை என்னுடையது ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் உற்சவ நோட்டீஸ், பதினாறாம் நாள் கார்டு எல்லாம் என்னிடம்தான் வரும். தமிழ் பிழையில்லாமல் இருக்கும் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலில் அவள் வந்தது ஒரு விண்ணப்பத்தின் நகல் எடுக்க. ஆற்றுக்கு இறங்கும் சந்தில், வாடகை வீட்டில், அம்மாவோடு ஆறு வருஷமாக இருந்தாள். அப்பா போனக்காடு மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே தங்கிவிட்டார். அவள் படித்து இறங்கி வந்து, கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று கேட்டேன். மற்றவர்கள் செய்த புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என்றாள். அதற்கும் சம்பளம் தருகிறார்களா என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

அந்த விண்ணப்பம் பார்வதி மாமிக்கானது. மாமிக்கு வந்துகொண்டிருந்த பென்ஷன் திடீரென்று நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இவள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு மூன்று இடங்களுக்கு அலைந்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமி வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் அப்போது எதிர்வீட்டுக்கு ஒரு பத்திரிகை புரூஃப் கொடுக்கப் போயிருந்தேன். வீட்டின் பரப்பளவு விதியில் சொன்னதைவிட அதிகம், அதனால் பெயரை எடுத்துவிட்டார்கள், திரும்பக் கிடைக்காது என்று அவள் நிதானமாகச் சொன்னாள். மாமி கோபத்தில் என்னென்னவோ சொன்னாள். மலையில் இருந்து வந்தவளுக்கு இங்கே என்ன காரியம் என்றுகூடக் கேட்டாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மேல்முறையீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதில் கிடைக்கும் என்று தான் சொல்லமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மாமி என் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எட்டு மாசமா எல்லார் கிட்டயும் கேட்டாச்சு. எல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னா. கிடைக்காதுன்னு வந்து சொன்னது அந்தக் கொழந்தை மட்டும்தான், கேட்டேளா" என்றாள்.

சரியாயிடும் என்று மாமி சொன்னது எங்கள் கவுன்சிலரைத்தான். சேச்சி, அதாவது அக்கா என்றுதான் ஊரே கூப்பிடும். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தவர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டாக இருந்தபோதும் அவர்தான், பொது வார்டாக மாறியபோதும் அவர்தான். எந்த வீட்டுப் பெண் எந்த ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். யார் எதைக் கேட்டாலும் தோளில் கை வைத்து "சரியாக்காம்" என்பார். சரி செய்துவிடலாம் என்ற அந்த ஒரு மலையாளச் சொல்லில் மனசு ஆறிவிடும். பாதி காரியங்கள் நடக்கவும் செய்தன. என் அப்பா மெடிக்கல் காலேஜில் இறந்த அன்று, உடலை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு கையெழுத்துக்காக நான் திணறிக்கொண்டிருந்தபோது, சேச்சி காலையிலிருந்து பசியோடு என்னுடன் வராந்தாவில் நின்றார். அதை நான் எப்படி மறப்பேன்?

அந்த ஆடி ஆவணி மழையில் ஆறு பொங்கி, சந்துக்குள் தண்ணீர் வந்தது. வருஷாவருஷம் வருவதுதான். சந்தின் முனையில் மழைத்தண்ணீர் வடிய ஓடை கட்டவேண்டும் என்று மனு எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி எப்போதோ சேச்சியிடம் கொடுத்திருந்தார்கள். அது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து வருகிறேன் என்று சந்துக்காரர்களிடம் சொல்லிவிட்டு அவள் போனாள். இரண்டு வாரம் கழித்து வந்து, அப்படி ஒரு மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை என்றாள். அதைச் சொன்ன இடம் என் கடை வாசல். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் குடையோடு நின்றிருந்தோம். சேச்சியைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் தெருவில் யாரும் உரக்கச் சொன்னதில்லை.

அதன்பிறகுதான், வரப்போகிற வார்டுத் தேர்தலில் அவள் நிற்கிறாள் என்ற பேச்சு வந்தது. கட்சி கிடையாது. சுயேச்சை. ஆற்றங்கரைச் சந்தில் பத்துப் பன்னிரண்டு பேர், அவளுடைய கம்பெனித் தோழிகள் மூன்று பேர், அவ்வளவுதான் படை. நான் அவளைக் கேட்டேன், உனக்கு எதற்கு இந்த வேலை என்று.

"கேள்வி கேக்கறதுக்கு ஒரு எடம் வேணும் அண்ணாச்சி. எந்த ஆபீஸுக்குப் போனாலும் நீ யாருன்னு மொதல்ல கேக்கறாங்க. அதுக்குப் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்களுக்கு டீ டைம் ஆயிடுது" என்றாள்.

பிறகு, நான் கேட்காமலேயே, சின்ன வயதில் லயத்துக்கு ஜீப்பில் ஆட்கள் வருவதைப் பற்றிச் சொன்னாள். யார் யாரோ வருவார்கள். நோட்டில் எழுதிக்கொள்வார்கள். விசாரித்துவிட்டு வந்து சொல்கிறோம் என்பார்கள். ஜீப் வளைவில் திரும்பி மஞ்சுப் பனிக்குள் மறைகிறவரை பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்களாம். அப்புறம் பல நாள் அவள் அந்த வளைவுக்குப் போய் உட்கார்ந்திருப்பாளாம். மஞ்சு விலகும், சாலை தெரியும், சாலையில் ஒன்றும் இருக்காது. இதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. ஏதோ கண்ட கனவைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் அந்த வளைவு பல நாள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

அவளுக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பைப்பில் காற்று மட்டும் வருகிற தெருக்களில் அந்தச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இதிலாவது தண்ணீர் வருமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். விசாரித்து வந்து சொல்கிறேன் என்றாள். கூட வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வரும் என்று சொன்னால் என்ன, எல்லாரும் சொல்வதுதானே என்று தோழி ஒருத்தி என் கடையில் வைத்தே அவளோடு சண்டை போட்டாள். வராமல் போனால் நான் எந்த முகத்தோடு மறுபடி அந்த வீட்டுக்குப் போவேன் என்பதுதான் அவள் பதில். அவளுடைய நோட்டீஸைத் தமிழில் ஆக்கிக் கொடுத்தது நான்தான். அதில் வாக்குறுதி என்று ஒன்றுமே இல்லை. கேட்டதை விசாரிப்பேன், வந்து சொல்வேன் என்று இரண்டு வரி. இதை வைத்துக்கொண்டு யாராவது ஓட்டுப் போடுவார்களா என்று நான் நினைத்தேன். ஆனால் போடுவார்கள் போலத்தான் இருந்தது.

கார்த்திகை மாசம். விடியற்காலையில் ஆற்றிலிருந்து பனி எழுந்து தெருவுக்குள் வரும். வாசல்களில் கோலம் போடுகிறவர்களின் கை மட்டும் தெரியும். அந்தப் பனிக்குள் அவள் ஒருத்தியாக நடந்து வருவாள். ஆபீஸ் பஸ்ஸுக்கு முன்னால் ஐந்தாறு வீடு. வாசல் தெளித்துக்கொண்டே பேசுவார்கள், இவள் நின்று கேட்பாள். ஓட்டுக் கேட்கிறாள் என்றே தோன்றாது. அக்ரஹாரத்தில் முதல் வாரம் கேட்டுக்கு வெளியே நின்றவளை, இரண்டாவது வாரம் பார்வதி மாமி உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து காப்பி கொடுத்தாள். அந்தச் செய்தி காலை பத்து மணிக்குள் ஆற்றங்கரை வரை போய்விட்டது.

அன்று சாயங்காலமே சேச்சியின் பூத் கமிட்டிக்காரர் ஒருவர் என் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தமிழில் எழுதியது, ஆனால் மலையாளத்தில் நினைத்து எழுதியது. எழுத்துப் பிழை வேறு. யார் அச்சடித்தது என்ற பெயர் இல்லாமல் வேண்டும் என்றார். அப்படி அடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். சேச்சிக்குத் தெரியுமா என்று கேட்டேன். சேச்சிக்காகத்தானே என்றார். மெடிக்கல் காலேஜ் வராந்தா என் நினைவுக்கு வந்தது. அவரும் அன்று அங்கே இருந்தவர்தான்.

நான் டைப் செய்ய உட்கார்ந்தேன். டைப் செய்ததோடு நின்றிருந்தால் இதை இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தத் தமிழைப் பார்க்க என் கைக்குப் பொறுக்கவில்லை. முதலில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். பிறகு ஒரு வாக்கியத்தை. பிறகு முழுவதையும். "தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் நமக்கு, நேற்று மலை இறங்கி வந்தவர் வழி காட்டுவதா? நாளை அவர் வேறு ஊர் போய்விடுவார். அப்போது யாரிடம் போய்க் கேட்பீர்கள்?" கமிட்டிக்காரர் வாசித்துவிட்டு என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதுதான் உண்மை.

மறுநாள் காலையில் அந்தத் தாள் ஒவ்வொரு கேட்டிலும் செருகியிருந்தது. பனியில் நனைந்து சில வீடுகளில் கீழே விழுந்து கிடந்தது. யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு சில வீடுகளில் வாசல் தெளிக்கிறவர்கள் அவள் வருவதற்கு முன்பே தெளித்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் கடைக்கு வந்தாள். கையில் அந்தத் தாள். மடித்து மடித்து நைந்துபோயிருந்தது.

"நல்ல தமிழ் அண்ணாச்சி. ஒரு பிழை இல்ல. யாரு எழுதினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் பிரிண்டரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். அதற்குள் ஒன்றும் இல்லை.

"அவங்களோட சண்டை போட இல்ல. நான் எங்கயும் போகலன்னு அவங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்" என்றாள்.

"விசாரிச்சுச் சொல்லுகேன் மக்கா" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். நம்பித்தான் போனாள். அதற்குப் பிறகு ஓட்டுப்பதிவு வரை ஒன்பது நாள் இருந்தது. தினமும் அவள் என் கடையைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போனாள். தினமும் நான் ஏதாவது ஒரு வேலையில் குனிந்திருந்தேன்.

ஓட்டு எண்ணிய அன்று நண்பகலுக்கு முன்பே முடிவு வந்துவிட்டது. சேச்சி ஜெயித்தார். வித்தியாசம் எவ்வளவு என்று எல்லாரும் இரண்டு தடவை கேட்டார்கள். கிழக்கேகோட்டையிலிருந்து வருகிற ஒரு டவுன் பஸ்ஸில் அத்தனை பேரையும் ஏற்றிவிடலாம். வெடி வெடித்தார்கள். ஜீப்பில் நின்று வந்த சேச்சி என் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். முகத்தில் களைப்பு இருந்தது.

தோற்றவர்கள் நாலைந்து நாள் வெளியே வரமாட்டார்கள் என்பது எங்கள் அனுபவம். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டாள். மார்கழி பிறந்திருந்தது. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு பனிக்குள் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தது. பிரசாரத்தின்போது யார் என்ன கேட்டார்களோ, விசாரித்து வந்து சொல்கிறேன் என்று எந்த வீட்டில் சொல்லியிருந்தாளோ, அந்த வீட்டுக்கெல்லாம் மறுபடியும் போனாள். தெருவிளக்கு மார்ச்சுக்குள் வரும். உங்கள் மருமகளின் ரேஷன் கார்டுக்கு இந்தத் தாள் போதாது. பைப்பில் தண்ணீர் அடுத்த வருஷமும் இப்படித்தான் வரும். மூன்று ஞாயிறு நடந்தாள். நோட்டீஸைப் படித்துவிட்டு உள்ளே போய்விட்டவர்களின் வீடுகளையும் விடவில்லை. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சேச்சியின் வீட்டுக்கும் போனாள். அவரால் மட்டுமே முடிகிற காரியங்களை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோயிருக்கிறாள். இதை எனக்குச் சொன்னது சேச்சியேதான், நன்றி நோட்டீஸ் அடிக்க வந்தபோது. எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வழக்கம்போல "சரியாக்காம் மோளே" என்றாராம். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்போது என்று கேட்டாளாம்.

"ஆரும் இதுவரைக்கும் என்னோட அது சோதிச்சிட்டில்ல" என்றார் சேச்சி. இதுவரை யாரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்று. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டார். அந்த நோட்டீஸைப் பற்றிக் கேட்டேன். தேர்தல் முடிந்த பிறகுதான் பார்த்தேன் என்றார். அது உண்மையாக இருக்கலாம்.

மூன்றாவது ஞாயிறு அவள் தன் சுற்றை முடித்துக்கொண்டு சந்துப் பக்கம் திரும்பும்போது நான் கடையை விட்டு இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

"அந்த நோட்டீஸு, நான் டைப் பண்ணதாக்கும்" என்றேன்.

"டைப் பண்ணதா, எழுதினதா?"

"அவங்க கொண்டுவந்தது வேற. அந்தத் தமிழு என்னோடது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். கோயிலில் பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது.

"எல்லா வீட்டுக்கும் ரெண்டாவது தடவை போனேன் அண்ணாச்சி. உங்க கடைக்கு மட்டும் வரல. தெரிஞ்சா நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மன்னிச்சுக்கோ என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் அவள் ஏதாவது நல்லதாகப் பதில் சொல்லவேண்டி வருமே என்று சொல்லவில்லை.

"இப்ப சொல்லிட்டீங்க" என்றாள் கடைசியில். அதில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. சந்துக்குள் இறங்கிப் போனாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

தை மாசத்தில் அவளுடைய அப்பா மலையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அவளும் அம்மாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு மலையடிவாரத்தில் உள்ள விதுரைக்குப் போனார்கள். வேலையை வீட்டிலிருந்தே பார்க்கக் கம்பெனியில் சம்மதித்திருந்தார்கள். வேறு ஊர் போய்விடுவாள் என்று எழுதினோமே, சரியாகப் போயிற்று பார்த்தீரா என்று கமிட்டிக்காரர் என் கடையில் வந்து சொன்னார். அடுத்த மழைக்கு முன்பு சந்தின் முனையில் ஓடை கட்டினார்கள். சேச்சி தினமும் வந்து நின்று பார்த்தார். வேலை எந்தத் தேதிக்குள் முடியும் என்று சந்துக்காரர்கள் கேட்டார்கள். சேச்சி ஒரு தேதி சொன்னார். அதைத் தாண்டி நாலு நாள் ஆனது. அதையும் வந்து சொன்னார்.

அந்த மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை, கடையில் கூட்டமில்லாத மத்தியானம், அவள் வந்தாள். மலையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள். துப்பட்டாவில் மஞ்சின் ஈரம் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. அத்தனை தூரம் வெயிலில் வந்த பிறகு அப்படி இருக்க வழியில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டேன். கைத்தடியோடு நடக்கிறார் என்றாள். லயத்தில் இருக்கிறவர்களைக் கூட்டிப் பேச ஒரு நோட்டீஸ் வேண்டும், அங்கே தமிழ்தான் படிப்பார்கள், விதுரையில் தமிழ் அடிக்க ஆளில்லை என்றாள். நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்ததை நீட்டினாள்.

நான் உட்கார்ந்தேன். அவள் மேசையைச் சுற்றி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். திரையில் விழுகிற ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். மலை ஓடையிலிருந்து வருகிற தண்ணி பற்றிப் பேசுவதற்காக என்று எழுதியிருந்தது. என் விரல் தன் வழக்கப்படி தண்ணியைக் குடிநீர் ஆக்கியது. அவள் கை நீண்டு வந்து திரையில் அந்த இடத்தைத் தொட்டது.

"அது வேண்டாம் அண்ணாச்சி. நான் எழுதினதே இருக்கட்டும்."

நான் குடிநீரை அழித்தேன். தண்ணி என்று அடித்தேன். அவள் அதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகலாம் என்றாள்.